எதிரொலி காட்டும் வழி

மாணவர்களே, ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். வீட்டில் ஓசை அடங்கிய நேரமாகப் பார்த்து, கண்களை மூடிக்கொண்டு, பல்லிடுக்கு வழியாக "ஸ்ஸ்ஸ்..." என்று இடைவிடாமல் ஒலி எழுப்புங்கள். உங்கள் நண்பர் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து, உங்கள் முகத்துக்கு நேராக ஒரு சாண் தொலைவில் பிடிக்கட்டும், பிறகு விலக்கட்டும். எப்போது பிடிக்கிறார், எப்போது விலக்குகிறார் என்பதை உங்களிடம் சொல்லக் கூடாது. நீங்கள்தான் கண்டு சொல்ல வேண்டும். பத்து முறை செய்து, எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். தாம்பாளம் அருகே வரும்போது அந்த "ஸ்" ஒலியின் தன்மையே மாறிவிடுகிறது. ஒரு குழாய்க்குள் பேசுவது போலாகிவிடுகிறது. இனி இதையே "ம்ம்ம்..." என்று முனகிக்கொண்டு செய்து பாருங்கள். மாற்றம் மிகவும் குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தாம்பாளத்துக்குப் பதிலாக நாலாக மடித்த கம்பளியைப் பிடித்துப் பாருங்கள். அப்போது "ஸ்" ஒலிகூட அவ்வளவாக மாறுவதில்லை.

இதைப் படித்ததும் உங்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். எதிரொலி கேட்க வேண்டுமானால் தடை குறைந்தது 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்றல்லவா பாடநூலில் படித்தோம்? ஒரு சாண் தொலைவில் எப்படி எதிரொலி கேட்கும்?

பாடநூல் சொல்வது சரியே. எதிரொலியை *தனியாக*, மூல ஒலியிலிருந்து பிரித்துக் கேட்க, இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு வினாடியாவது இருக்க வேண்டும். ஆனால் எதிரொலி அதற்கு முன்பே வந்துவிட்டால் அது காணாமல் போய்விடுவதில்லை. மூல ஒலியோடு கலந்துவிடுகிறது. அலைகள் கலந்தால் என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும். சில அதிர்வெண்களில் முகடும் முகடும் சேர்ந்து ஒலி வலுக்கும். சிலவற்றில் முகடும் அகடும் சேர்ந்து ஒலி நலியும். எவை வலுக்கும், எவை நலியும் என்பது தாம்பாளத்தின் தொலைவைப் பொறுத்தது. "ஸ்" ஒலியில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால் இந்தக் கூட்டலும் கழித்தலும் அதன் தன்மையையே மாற்றிவிடுகின்றன.

"ம்ம்" ஏன் பயன்படவில்லை? கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றில் ஒலியின் திசைவேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்று கொள்வோம். முனகலின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு தாம்பாளம் பொருட்டே அல்ல. சுற்றி வளைந்து போய்விடும். "ஸ்" ஒலியில் உள்ள 6000 ஹெர்ட்ஸ் அலைக்கோ நீளம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. தாம்பாளம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அலைநீளத்தைவிடப் பெரிய பொருள்தான் அலையை நன்றாகத் திருப்பும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நமக்குத் தேவைப்படும்.

முகம் உணர்கிறதா, காது உணர்கிறதா?

நீங்கள் இன்று செய்த சோதனையைப் பார்வையற்றவர் பலர் நாள்தோறும், தாம் செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் செய்துவருகின்றனர். சுவரை நெருங்கும்போது, கை நீட்டும் முன்பே, "எதிரே ஏதோ இருக்கிறது" என்று நின்றுவிடுவார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் முகத்தில் ஏதோ படர்வது போல் இருந்தது என்பார்கள். பிரெஞ்சு அறிஞர் டிடரோ 1749-இல் எழுதிய நூலொன்றில், பார்வையற்ற ஒருவர் முகத்தில் படும் காற்றைக் கொண்டு பொருள்களின் அண்மையை அறிவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். இத்திறனுக்கு "முகப் பார்வை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இது உண்மையா என்று முறையாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூப்பா, காட்சின், டாலன்பாக் என்ற மூவர். இவர்களுள் சூப்பா தாமே பார்வையற்றவர். 1944-இல் வெளிவந்த இவர்களுடைய ஆய்வு, ஒரு சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு.

பார்வையற்றவர் இருவர், கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர் இருவர். ஒரு நீண்ட கூடத்தில் இவர்கள் நடந்துவர, வழியில் ஒரு பலகைத் தட்டி நிறுத்தப்பட்டது. தட்டி இருக்கும் இடத்தை அவர்கள் முட்டாமலே சொன்னார்கள். அடுத்து, முகத்தையும் கைகளையும் கனமாக மூடிவிட்டு நடக்கச் செய்தனர். முகம்தான் உணர்கிறது என்றால் இப்போது தோற்க வேண்டுமல்லவா? தோற்கவில்லை. பிறகு முகத்தைத் திறந்துவிட்டுக் காதுகளை நன்றாக அடைத்தனர். இம்முறை ஒவ்வொரு தடவையும் தட்டியில் போய் முட்டிக்கொண்டார்கள். கடைசிச் சோதனைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. சோதனைக்கு உட்பட்டவரை ஒலி புகாத தனி அறையில் உட்கார வைத்து, வேறொருவர் ஒலிவாங்கியை ஏந்திக்கொண்டு கூடத்தில் நடந்தார். அறையில் இருந்தவர் காதில் மாட்டிய ஒலிபெருக்கியில் அந்தக் காலடி ஓசையை மட்டும் கேட்டு, "தட்டி நெருங்கிவிட்டது" என்று சொன்னார்! கூடத்தில் நடந்தது அவர் முகமன்று. அங்கே போனது ஒலிவாங்கி மட்டுமே. ஐயத்துக்கு இடமே இல்லை. முகப் பார்வை என்பது காதின் வேலைதான்.

(2011-ஆம் ஆண்டில் கனடாவில் நடந்த ஆய்வொன்றில், நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும் பார்வையற்றவர் இருவரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தனர். எதிரொலியைக் கேட்கும்போது, மூளையில் காட்சிக்கு உரிய பகுதி செயல்படுவது தெரிந்தது.)

ஆக, பார்வையற்றவரின் காது சும்மா இருக்கும் உறுப்பன்று. ஓயாமல் வழி பார்த்துக்கொண்டிருக்கிறது. வழிகாட்டும் கருவி செய்ய வந்த பொறியியலார் சிலர் இதை மறந்துவிட்டார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கைத்தடி செய்யும் வேலை

கருவிகளைப் பற்றிப் பேசும் முன் கைத்தடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் கைத்தடி என்றால் ஏதோ ஊன்றுகோல் என்று நினைக்கிறோம். ஊன்றுவதற்கு அது பயன்படுவதே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் பயிற்சி அளித்த ரிச்சர்டு ஹூவர் என்பவர், 1940-களின் நடுவில் அதற்கு ஒரு முறையை வகுத்தார். தடி நெஞ்சளவு நீளம் இருக்க வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். நடக்கும்போது அதை இடமும் வலமும் வில்லாக வீசித் தரையைத் தொட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது தடியின் நுனி வலப்பக்கம் தொடும். அதாவது, அடுத்த அடி விழப்போகும் இடத்தைத் தடி முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தடியின் நுனி தரையில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே அது எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறது. தார்ச்சாலை, மண், சிமென்ட், புல் என்று தரையின் தன்மை கைக்குத் தெரிகிறது. தரை *இல்லாவிட்டாலும்* உடனே தெரிந்துவிடுகிறது.

அதற்குக் குறைகளும் உண்டு. முதலாவது, எட்டும் தூரம். தடி ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னே எட்டும். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அது ஒரு வினாடிக்கும் குறைவான எச்சரிக்கை. இரண்டாவது, உயரம். தடி தரையில் இருக்கிறது. நெற்றி மேலே இருக்கிறது. நடைபாதையை நோக்கித் திறந்த ஜன்னல் கதவு, தாழ்ந்த மரக்கிளை, நிறுத்தியிருக்கும் லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், இவற்றின் அடியில் தடி தாராளமாகப் போய்விடும். முகம்தான் போய் இடிக்கும்.

கருவி வேண்டும் என்றால் இந்த இரண்டு குறைகளுக்காகத்தான் வேண்டும்.

அணியும் கருவிகள்

காதுக்கு எட்டாத அதிர்வெண் ஏன் தேவைப்படுகிறது என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி கேளா ஒலி. உங்கள் பாடநூலில் மீயொலி என்று இருக்கும். 40,000 ஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் 8.5 மில்லிமீட்டர். விரல் தடிமனுள்ள பொருளும் அதைத் திருப்பி அனுப்பும். யாருடைய காதிலும் விழாது. 3 மீட்டர் தொலைவில் உள்ள சுவருக்குப் போய்த் திரும்ப 6 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.018 வினாடி. இந்த நேரத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். (கோடையில் 40 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 355 மீட்டர் ஆகிவிடுமே, கணக்கு தவறாதா என்று கேட்பீர்கள். தவறும், 3 மீட்டரில் ஒரு சாணுக்கும் குறைவாக. நடப்பவருக்கு அது பெரிய பிழையன்று.)

பிரிட்டனில் தொடங்கிப் பிறகு நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லெஸ்லி கே என்ற பொறியியல் பேராசிரியர், 1960-களில் கையில் பிடிக்கும் மீயொலி விளக்கு ஒன்றை உருவாக்கினார். 1970-களில் அதையே மூக்குக்கண்ணாடியாக மாற்றினார். சட்டத்தின் நடுவில் ஒலி அனுப்பும் பகுதி; இருபுறமும் வாங்கும் பகுதிகள்; அங்கிருந்து இரு காதுகளுக்கும் ஒலி. காதை அடைத்துவிடாமல் சிறு குழாய் வழியாக ஒலியைக் கொண்டுவந்தார். காதின் மதிப்பை அறிந்தவர்.

அவர் நேரத்தை நேரடியாக அளக்கவில்லை. கருவி அனுப்பும் மீயொலியின் அதிர்வெண் உயர்ந்த நிலையிலிருந்து சீராகத் தாழ்ந்துகொண்டே வரும். பிறகு மீண்டும் மேலிருந்து தொடங்கும். எதிரொலி வந்து சேர்வதற்குள் அனுப்பும் ஒலி சற்றுத் தாழ்ந்திருக்கும் அல்லவா? இரண்டையும் கலந்தால் விம்மல் உண்டாகும். கணக்குக்காக, அதிர்வெண் வினாடிக்கு 2,00,000 ஹெர்ட்ஸ் வீதம் தாழ்வதாகக் கொள்ளுங்கள். 1.7 மீட்டரில் உள்ள கம்பத்திலிருந்து எதிரொலி வர நூற்றில் ஒரு பங்கு வினாடி ஆகும். அதற்குள் அனுப்பும் ஒலி 2000 ஹெர்ட்ஸ் தாழ்ந்திருக்கும். காதில் 2000 ஹெர்ட்ஸ் கேட்கும். கம்பம் 3.4 மீட்டரில் இருந்தால் 4000 ஹெர்ட்ஸ். தொலைவு குறையக் குறையச் சுருதி இறங்கும்! எந்தக் காதில் உரக்கக் கேட்கிறதோ அந்தப் பக்கம் பொருள் இருக்கிறது. கம்பம் என்றால் ஒற்றைச் சுருதி. புதர் என்றால் ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு தொலைவில் இருப்பதால் பல சுருதிகள் கலந்து சலசலக்கும். விம்மல் பாடம் தேர்வுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு அழகான கருவி ஏன் எங்கும் பரவவில்லை? விலை ஒரு காரணம். நீண்ட பயிற்சி தேவைப்பட்டது மற்றொரு காரணம். என்னைக் கேட்டால் மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும், ஏற்கெனவே வேலையாக இருக்கும் காதுக்கு அது மேலும் ஒரு வேலையைக் கொடுத்தது.

1990-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். இடுப்பு வாரில் எட்டு மீயொலி உணர்விகள், முதுகில் கணிப்பொறி, காதில் ஒலிபெருக்கி. கருவி நன்றாகவே தடைகளைக் கண்டது. ஆனால் கண்டதையெல்லாம் ஒலியாக்கிச் சொல்லி, அதைக் கேட்டு விளங்கிக்கொண்டு நடப்பதற்குள் நடை தளர்ந்துவிட்டது. பின்னர் அதே குழுவினர் சக்கரம் வைத்த ஒரு கோலை உருவாக்கினர். அது தடையைக் கண்டதும் தானே திரும்பும். கையில் அந்தத் திருப்பம் தெரியும். வாரிலிருந்து கோலுக்கே திரும்பிவந்துவிட்டார்கள் பாருங்கள்.

நம் நாட்டில் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கருவி தொடக்கத்திலிருந்தே கைத்தடியை விடவில்லை. 2014-இல் வெளியான அந்தக் கருவியைச் சென்னையில் உள்ள நிறுவனம் ஒன்று தயாரித்தது. வழக்கமான வெள்ளைக் கைத்தடியின் பிடியில் மாட்டிக்கொள்ளும் சிறு பெட்டி அது. முழங்காலுக்கு மேல் உள்ள தடைகளை, வெளியிடங்களில் 3 மீட்டர் வரையிலும், அறைக்குள் 1.8 மீட்டர் வரையிலும் காணும். செய்தியைக் காதுக்குச் சொல்வதில்லை. பிடியில் அதிர்வாகக் கைக்குச் சொல்கிறது. தரையைத் தடி பார்த்துக்கொள்ளும், மேலே உள்ளதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும், காது தன் வேலையைச் செய்யும். அணியும் கருவியின் பளபளப்பு இதில் இல்லைதான். ஆனாலும் வேலைகளைப் பங்கிட்ட விதம் சரியானது.

எதிரொலி வராவிட்டால்?

இப்போது சற்றுக் கடினமான இடத்துக்கு வருகிறோம். கருவி அதிரவில்லை, பேசாமல் இருக்கிறது. அதற்கு என்ன பொருள்? வழியில் ஒன்றும் இல்லை என்று பொருள். அல்லது, இருந்தும் அதன் எதிரொலி திரும்பி வரவில்லை என்று பொருள். நடப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

திரும்பி வராமல் எப்படிப் போகும்? இரவில் ஒரு டார்ச்சு விளக்கைச் சுண்ணாம்புச் சுவரில் சாய்வாக அடியுங்கள். அந்த வெளிச்ச வட்டம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். சுவரின் சொரசொரப்பு ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகையால் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. இனி, முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்வாக அடியுங்கள். கண்ணாடி இருட்டாகவே இருக்கும். வெளிச்சம் வேறெங்கோ போய் விழும். 8.5 மில்லிமீட்டர் அலைக்குப் பூசிய சுவர் முழுவதும் இப்படிப்பட்ட கண்ணாடிதான். நேராகப் போனால் எதிரொலி வரும். சாய்வாகப் போனால் ஒலி வேறு பக்கம் போய்விடும். சுவர் இருக்கிறது, கருவி மௌனமாக இருக்கிறது.

அதிர்வெண்ணை இன்னும் உயர்த்தி அலைநீளத்தைக் குறைக்கலாமே என்றால், அதிர்வெண் உயர உயரக் காற்று ஒலியை அதிகமாக உட்கொண்டுவிடும். எட்டும் தூரம் குறையும். கற்றை விரிவதும் ஒரு தொல்லை. முப்பது டிகிரி விரிந்த கற்றை 3 மீட்டர் தொலைவில் 1.6 மீட்டர் அகலம் ஆகிவிடும். வாசற்படி அவ்வளவு அகலம் இராது. ஆகவே திறந்த கதவைப் பார்த்தும் கருவி "தடை" என்று சொல்லும்.

ஒலி வேண்டாம், ஒளியைப் பயன்படுத்துவோம் என்று 1970-களில் அமெரிக்காவில் லேசர்க் கைத்தடி ஒன்று செய்தார்கள். மேலே ஒன்று, நேரே ஒன்று, கீழே ஒன்று என மூன்று கற்றைகள். கீழே போகும் கற்றை பள்ளத்துக்காக. தரையில் பட்ட ஒளி சிதறித் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பள்ளம் என்று கருவி எச்சரிக்கும். இங்கே மௌனமே அபாய அறிவிப்பு. நல்ல யோசனைதான். மீயொலியால் இதை எளிதாகச் செய்ய முடியாது. வழவழப்பான சிமென்ட் தரை சாய்வாக வரும் ஒலியைத் திருப்பித் தராது. நல்ல தரையும் பள்ளமாகவே தோன்றும். ஆனால் ஒளிக்கும் ஒரு குறை உண்டு. கண்ணாடிக் கதவு எதிரே இருந்தால் லேசர் அதை ஊடுருவிப் போய்விடும். மீயொலியோ கண்ணாடியில் பட்டுத் திரும்பும்.

இன்று மூக்குக்கண்ணாடியில் கேமரா வைத்து, எதிரே இருப்பது மனிதரா, மாடா, மோட்டார் சைக்கிளா என்று பெயர் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. பெயர்ப்பலகையைப் படிக்க அவை மிகவும் உதவும். ஆனால் படத்தை ஆராய்ந்து சொல்ல ஒரு வினாடி தாமதமானால், அதற்குள் நடப்பவர் 1.2 மீட்டர் போயிருப்பார். மூடியில்லாத சாக்கடையின் ஓரத்தில் அந்த ஒரு வினாடியைக் காத்துத் தருவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தடி ஒன்றுதான். அதனால்தான் மீயொலி, லேசர், கேமரா எது இருந்தாலும் தடியையும் கையில் வைத்துக்கொள்ளும்படி பயிற்சி தருகிறார்கள்.

நம் ஊர்த் தெருக்களில் இந்தக் கருவிகளுக்கெல்லாம் கடினமான தேர்வு எது என்று யோசித்தேன். மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பி என்றே தோன்றுகிறது. அதன் பருமன் மீயொலியின் அலைநீளத்தை ஒட்டியது, வழவழப்பானது, போதாக்குறைக்குச் சாய்வானது. பல கோணங்களில் வரும் ஒலியின் பெரும்பகுதியை வேறு பக்கம் தள்ளிவிடும். கம்பத்துக்கும் கம்பி தரையில் இறங்கும் இடத்துக்கும் நடுவே குறுக்காக நடந்தால் தடியும் அடியில் புகுந்துவிடும்.

உங்கள் பள்ளி வழியில் இப்படி ஒரு கம்பி இருந்தால் நூலும் அளவு நாடாவும் கொண்டு அளந்து பாருங்கள். கம்பத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையில் இறங்குகிறது? எந்த இடத்தில் அது உங்கள் நெற்றியின் உயரத்தில் இருக்கிறது? அதைப் படமாக வரைந்துகொண்டு பின்வரும் கணக்கையும் போடுங்கள்.

தடியின் பிடியில் உள்ள உணர்வி தரையிலிருந்து 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.7 மீட்டர் உயரத்தில் ஒரு கிளை. உணர்விக்கும் கிளைக்கும் கிடைத்தொலைவு 2 மீட்டராக இருக்கும்போதே எச்சரிக்க வேண்டுமானால், கற்றை எத்தனை டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்? ஒலியின் வேகம் 350 மீட்டர் என்றால் எதிரொலி எவ்வளவு நேரத்தில் திரும்பும்? வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு, உணர்வி கிளைக்கு நேர் கீழே வந்து சேரும்வரை எத்தனை வினாடி கிடைக்கும்?

(விடை: ஏறக்குறைய 22 டிகிரி, 0.0123 வினாடி, 1.7 வினாடி.)